பாம்பன் கரையில் கிடைக்கும் ஓட்டைக்கல் தீப்பாறையா? தீப்பாறை எப்படி உருவாகிறது, எப்படி வகை பிரிக்கிறார்கள்?

பெரும்பாலும் இல்லை. பாம்பன், மண்டபம் கரையில் ஒதுங்கும் ஓட்டைக்கல் இறந்த பவளம், சுண்ணாம்பாலானது. ஒரு துண்டை உடைத்து, உப்பு போகக் கழுவி, புதிதாக உடைந்த பக்கத்தில் வினிகர் விடுங்கள். நுரைத்தால் பவளம். ஓட்டையுள்ள தீப்பாறையான எரிமலை நுரைக்கல் நுரைக்காது. மிதக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது, காற்றறை நிறைந்த காய்ந்த பவளமும் சில நேரம் மிதக்கும்.

தீப்பாறை என்பது பாறைக்குழம்பு ஆறி இறுகியது. வகை பிரிக்க இரண்டு கேள்விகள்: எங்கே ஆறியது, சிலிகா (சாதாரண மணலில் உள்ள சேர்மம்) எவ்வளவு?

ஆழத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மெதுவாக ஆறினால் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவு வளரும். தரைக்கு மேல் லாவாவாக வந்து சட்டென ஆறினால் படிகம் வளர நேரமில்லை. மணிகள் மிக நுண்மை. பெரிய படிகங்கள் நுண்மணிகளுக்குள் பதிந்திருந்தால், குழம்பு முதலில் ஆழத்தில் மெதுவாகவும் பிறகு மேலே வேகமாகவும் ஆறியிருக்கிறது.

சிலிகா 63 சதவீதத்துக்கு மேல் என்றால் ஆழத்தில் கிரானைட், மேலே ரயோலைட். 52 முதல் 63 வரை டயோரைட், ஆண்டிசைட். 45 முதல் 52 வரை காப்ரோ, பசால்ட். 45 சதவீதத்துக்கும் குறைந்தால் பெரிடோடைட். சிலிகா குறையக் குறைய நிறம் கறுக்கும், எடை கூடும்.

நிறத்தை மட்டும் நம்பினால் தவறும். கடையில் 'கறுப்பு கிரானைட்' என்று விற்பது பெரும்பாலும் டோலரைட் (பசால்ட்டுக்கும் காப்ரோவுக்கும் இடைப்பட்ட மணி அளவுள்ள பாறை) அல்லது காப்ரோ. கடலரிப்பைத் தடுக்கக் கொட்டும் கருங்கல்லில் வெளிறிய, கறுத்த பட்டைகள் மாறி மாறி ஓடினால் அது நைஸ், அதாவது வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறை, தீப்பாறை அல்ல.