ஐந்து துளை வழியே போன் பாட்டு

கேள்வி: மதுரை திருநகரில் குடியிருக்கிறோம். என் தந்தை 1980-களில் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும், மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டும் பட்டாசலில் இருக்கின்றன. ஏழெட்டு ஆண்டுகளாகப் போடவே இல்லை. போனில் வரும் பாட்டை வயர் இல்லாமல் இதில் கேட்க வழி உண்டா? கடையில் விசாரித்தால், காயலான் கடையில் போட்டுவிட்டு சவுண்ட்பார் வாங்கச் சொல்கிறார்கள். ஆம்ப்ளிஃபயரின் முதுகில் ‘ஃபோனோ’ என்று எழுதிய இரண்டு வட்டச் சாக்கெட்டுகளும், ‘டேப்’, ‘ட்யூனர்’ என்று எழுதிய ஐந்து துளைச் சாக்கெட்டுகளும் இருக்கின்றன. காலையில் சுப்ரபாதம், மாலையில் பழைய கச்சேரிகள், எங்களுக்கு இவ்வளவு போதும். மூவாயிரம் ரூபாய்க்குள் முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். மூவாயிரத்தில் மிச்சம்கூடப் பிடிக்கலாம்.

கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், சவுண்ட்பார் விற்றால்தான் அவருக்கு வியாபாரம். ஆனால் எது பழசாகும், எது ஆகாது என்பதை அவர் உங்களிடம் சொல்லவில்லை. ஸ்பீக்கர் என்பது ஒரு காந்தம், ஒரு செம்புச் சுருள், ஒரு காகிதக் கூம்பு. அந்தக் காந்தத்தின் பலம் நாற்பது ஆண்டுகளில் சொல்லும்படி குறைந்துவிடாது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்க நாதம் அறையில் எழ வேண்டுமென்றால் நிறையக் காற்றை அசைத்தாக வேண்டும். பெரிய கூம்பும் பெரிய பெட்டியும் அதற்குத்தான். நாலு விரல் உயர சவுண்ட்பார் ஏதேதோ தந்திரம் செய்துதான் அதைக் காட்டும், உங்கள் தந்தையின் பெட்டி சும்மாவே செய்யும்.

சீக்கிரம் கிழடுதட்டுவது வயர்லெஸ் பகுதிதான். கூகுள் 2015-இல் ‘குரோம்காஸ்ட் ஆடியோ’ என்று உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வட்டச் சில்லை வெளியிட்டது. பழைய ஸ்பீக்கர்களுக்கு வைஃபை கொடுப்பதற்கென்றே செய்த அருமையான பொருள். 2019 தொடக்கத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். நான்கு ஆண்டுகள்கூட ஓடவில்லை. அதனால் என்னிடம் யார் கேட்டாலும் சொல்வது இது: வயர்லெஸ் பகுதி தனிப் பெட்டியாக, கழற்றி எறியக்கூடியதாக வெளியே இருக்கட்டும். நம் ஊரில் சில மெக்கானிக்குகள் ஆம்ப்ளிஃபயரின் முன்பக்கத்தை வெட்டி, சிவப்பு எண் மினுக்கும் யூஎஸ்பி-ப்ளூடூத் பேனல் ஒன்றைச் செருகித் தருவார்கள். வேண்டவே வேண்டாம். அந்தப் பேனல் இரண்டே ஆண்டில் மண்டையைப் போடும். வெட்டிய ஓட்டை மட்டும் காலத்துக்கும் இருக்கும். போதாக்குறைக்கு, பாட்டு நின்ற நேரத்தில் ‘கீ...’ என்று ஒரு சத்தம்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஏழெட்டு ஆண்டு தூங்கிய ஆம்ப்ளிஃபயரை ஆசையில் அப்படியே பிளக்கில் செருகிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் காய்ந்து போயிருக்கலாம். மூடியைத் திறந்தால் பல்லி முட்டை, செத்த பல்லி, எலி கடித்த வயர் என்று என்ன வேண்டுமானாலும் கிடைக்கும். பிளக்கை உருவிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும், ஆகவே திறக்கிற வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். பழைய ரேடியோ, டேப் பார்த்த மெக்கானிக்குகள் மதுரையில் இன்னும் இருக்கிறார்கள். ‘சீரிஸ் பல்ப் வைத்துப் போட்டுப் பாருங்கள்’ என்று சொல்லுங்கள். புரிந்துகொண்டு தலையாட்டினால் சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். 100 வாட் குண்டு பல்ப் ஒன்றை ஆம்ப்ளிஃபயருக்கு வரும் மின்சாரத்தின் வழியில் வரிசையாக இணைப்பார். சுவிட்சைப் போட்டதும் பல்ப் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, பிறகு கங்கு போல மங்கினால் நல்ல செய்தி. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். பல்ப் நடுவில் இருப்பதால் எதுவும் புகையாது. கூடவே, ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்டேஜ் கசிகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கசிந்தால் அது ஸ்பீக்கர் சுருளைச் சுட்டுவிடும்.

ஸ்பீக்கரை நீங்களே சோதிக்கலாம். முன்பக்கத் துணிச் சட்டத்தைக் கழற்றுங்கள். கூம்பைச் சுற்றி ஒரு வளையம் தெரியும். துணியாகவோ ரப்பராகவோ இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. ஃபோம் வளையமாக இருந்தால் மெல்லத் தொடுங்கள். நமுத்த கேக் போலக் கையோடு வந்தால் வளையத்தை மட்டும் மாற்ற வேண்டும், ஸ்பீக்கரை அல்ல. பிறகு ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, சுவர்க் கடிகாரத்தில் போடும் ஒன்றரை வோல்ட் பேட்டரியை அந்த வயர் முனைகளில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். ‘டப்’ என்று கேட்டால் உயிர் இருக்கிறது. பேட்டரியின் பாசிட்டிவ் சிவப்பு முனையில் படும்போது கூம்பு வெளியே தள்ள வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் தள்ளுகின்றனவா என்று குனிந்து பாருங்கள். வெள்ளையடிக்கும்போது கழற்றி மாட்டிய வீடுகளில் ஒன்று வெளியே தள்ளும், மற்றது உள்ளே இழுக்கும். அப்படியே பாட்டுப் போட்டால் கனமான ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். ‘பழைய ஸ்பீக்கர், பேஸ் போய்விட்டது’ என்று பழியைப் பெட்டி மேல் போடுவார்கள்.

இனி உங்கள் சாக்கெட் விஷயம். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

வட்டமாக இரண்டு இருக்கிறதே ஃபோனோ, அதில் இன்றைய ஏவி பின் கச்சிதமாக நுழையும். நுழைகிறதே என்று செருகாதீர்கள். அது இசைத்தட்டு ஊசிக்கென்று செய்த வாசல். ஊசியிலிருந்து வருவது ஏறத்தாழ 5 மில்லி வோல்ட். ப்ளூடூத் பெட்டியிலிருந்து வருவதோ 1 வோல்ட்டை ஒட்டி. ஏறக்குறைய இருநூறு மடங்கு. போதாததற்கு, இசைத்தட்டில் குறைத்துப் பதியும் கனமான ஒலியைத் திரும்ப ஏற்றிக் கொடுப்பதும் அந்த வாசலின் வேலை. போன் பாட்டை அதில் விட்டால் அண்டாவுக்குள் யாரோ கத்துவது போல இருக்கும்.

உங்களுக்கு வேண்டியது டேப் அல்லது ட்யூனர் என்ற ஐந்து துளைச் சாக்கெட். இதற்கு டின் சாக்கெட் என்று பெயர், ஜெர்மனியின் தர நிர்ணயத்திலிருந்து வந்தது. ஒரு முனையில் இதற்கான ஐந்து பின் பிளக்கும், மறுமுனையில் ஏவி பின்னும் கொண்ட வயர் இன்றும் ஆன்லைனில் கிடைக்கிறது. டவுன்ஹால் ரோடு பக்கம் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது சாக்கெட்டின் படத்தைப் போனில் காட்டுங்கள். கச்சேரிக் குழுக்காரர்கள் கீபோர்டுக்கு வாங்கும் மிடி கேபிளும் இதே பிளக்தான். கடைக்காரர் அதை எடுத்து நீட்ட வாய்ப்பு உண்டு. வாங்கிவிடாதீர்கள். மிடி கேபிளில் 2, 4, 5 ஆகிய பின்களில் மட்டும்தான் வயர் ஓடும். உங்களுக்கு இடது பக்க ஒலிக்கு 3, வலது பக்கத்துக்கு 5, எர்த்துக்கு நடுவில் உள்ள 2 வேண்டும். மிடி கேபிளை வெட்டி ஒட்டினால் வலது ஸ்பீக்கர் பாடும், இடது ஊமையாகும். வெற்றுப் பிளக் வாங்கி மெக்கானிக்கிடம் பற்றவைக்கக் கொடுப்பதானால் இந்த மூன்று எண்களைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பின்கள் 1, 4, 2, 5, 3 என்ற வரிசையில் நிற்கும். ஓரத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று விரல்விட்டு எண்ணினால் தப்பாகிவிடும்.

வயர் தயார் என்றால் மறுமுனையில் எதை மாட்டுவது?

மலிவான வழி ப்ளூடூத் ரிசீவர். ஆயிரம் ரூபாயை ஒட்டியே நல்லது கிடைக்கும். டப்பாவில் ‘ரிசீவர்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிவியிலிருந்து ஹெட்போனுக்கு அனுப்பும் ‘டிரான்ஸ்மிட்டர்’ என்ற பொருள் அதே உருவத்தில் அதே விலையில் இருக்கும். அதை வாங்கி வந்து ‘வேலை செய்யவில்லை’ என்று என் மேஜையில் வைத்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல. எஸ்பிசி, ஏஏசி, ஆப்டெக்ஸ், எல்டேக் என்று, ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளின் பெயர்களை டப்பாவில் அடுக்கியிருப்பார்கள். உங்கள் காலைச் சுப்ரபாதத்துக்கு அவற்றில் எது இருந்தாலும் போதும்.

ஆனால் ப்ளூடூத்துக்குச் சில குணங்கள் உண்டு. பாட்டு போனின் வழியாகவே போகிறது. போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனால் பாட்டு விக்கும். பத்து மீட்டர் எட்டும் என்று போட்டிருப்பது திறந்த வெளிக்கான கணக்கு. நம் பழைய வீடுகளின் தடித்த செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் அதில் பாதிகூடத் தேறாது. அழைப்பு வந்தால் ஆலாபனை நடுவில் அறுந்துவிடும். மாடியில் பேரன் தெரியாமல் இணைப்பை எடுத்துக்கொண்டால், பூஜை நேரத்தில் கிரிக்கெட் வர்ணனை கேட்கும்.

வைஃபை ரிசீவரில் இந்தத் தொல்லை இல்லை. பாட்டை அந்தப் பெட்டியே நேராக இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். போன் வெறும் ரிமோட். அணைத்து வைத்தாலும் பாட்டு ஓடும். ஆனால் நல்ல பெட்டிகள் உங்கள் மூவாயிரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை. நீங்கள் பாட்டுக் கேட்கும் செயலி அந்தப் பெட்டியோடு பேசுமா என்பதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஆகவே, காசு செலவழிப்பதற்கு முன்பு உங்கள் பீரோவைத் திறந்து பாருங்கள் என்பேன். இயர்போன் துளை உள்ள பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று எல்லா வீட்டிலும் தூங்குகிறது. திரை கீறியிருந்தாலும் பரவாயில்லை. சிம்மை எடுத்துவிட்டு, வீட்டு வைஃபையில் சேர்த்து, பாட்டுச் செயலியை மட்டும் வைத்துக்கொண்டு, இயர்போன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வயர் கொடுங்கள். அதுவே உங்கள் வைஃபை ரிசீவர். சிம் இல்லாததால் யாரும் அழைக்க மாட்டார்கள். ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளில் ஒரே கணக்கை இரண்டு போனிலும் திறந்தால், கையில் இருக்கும் போனிலிருந்தே பட்டாசல் போனை இயக்கலாம். ஒரே எச்சரிக்கை: இரவும் பகலும் சார்ஜரிலேயே விட்டால் பழைய பேட்டரி உப்பிக்கொள்ளும். பின்மூடி எழும்பியிருந்தால் அந்தப் போனை இந்த வேலைக்கு வைக்காதீர்கள். அமேசான் எக்கோ டாட் வீட்டில் இருந்தால் அதன் பின்பக்கத்தையும் பாருங்கள். நான்காம் தலைமுறை வரை வயர் செருகும் துளை உண்டு, 2022-இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் எடுத்துவிட்டார்கள்.

இணையச் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 320 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரப் பாட்டுக்கு 144 எம்பி ஆகும். அதில் பாதித் தரத்தில் கேட்டால் 72.

எல்லாம் இணைத்த பிறகு ‘ஹ்ம்ம்’ என்று ஓர் உறுமலோ, மெல்லிய கீச்சொலியோ கேட்டால் முதலில் சார்ஜரைச் சந்தேகியுங்கள். ரிசீவருக்கோ போனுக்கோ மலிவுச் சார்ஜர் போட்டிருப்பீர்கள். பவர் பேங்கில் மாட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி அகப்பட்டான், நல்ல சார்ஜர் வாங்குங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்று சில நூறு ரூபாயில் ஒரு சின்ன உருளை கிடைக்கும், வயருக்கு நடுவில் போட வேண்டும். உறுமலை நிறுத்துவதற்காகப் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கச் சொல்பவர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

போனில் ஒலியை முக்கால் அளவுக்கு வைத்துவிட்டு, கூட்டிக் குறைப்பதை ஆம்ப்ளிஃபயரின் குமிழில் செய்யுங்கள். ஆம்ப்ளிஃபயர் மேல் உங்கள் வீட்டில் பூவேலை செய்த துணி போட்டிருப்பார்கள், எல்லா வீட்டிலும் போட்டிருப்பார்கள். பாட்டு ஓடும்போது அதை எடுத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் அதன் சூடு மேல் துளைகள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ரிசீவரையும் அந்தத் துளைகள் மேல் வைக்காதீர்கள்.

முதல் பாட்டாக மதுரை மணி அய்யர் கச்சேரி ஒன்றைப் போடுங்கள். 1968-இல் மறைந்தவர், அவருடைய பதிவுகள் பெரும்பாலும் மோனோ. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வருவதால் இரண்டுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் குரல் நேர் எதிரே, பெட்டி எதுவும் இல்லாத இடத்திலிருந்து வர வேண்டும். எங்கிருந்து என்று சொல்ல முடியாமல் அறை முழுக்கக் கலங்கித் தெரிந்தால் பேட்டரிச் சோதனையை மறுபடி செய்யுங்கள், ஒரு வயர் தலைகீழாக இருக்கிறது. குரல் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் பேலன்ஸ் குமிழை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இருபது முப்பது தடவை திருப்புங்கள். ஏழெட்டு ஆண்டு அழுக்கு கரகரவென்று சத்தம் போட்டுவிட்டு விலகும். விலகாவிட்டால் கான்டாக்ட் கிளீனர் அடிக்க மெக்கானிக்கிடம் இன்னொரு நடை போக வேண்டியிருக்கும். முதல் தடவை போகும்போதே அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், ஆட்டோ காசு மிச்சம்.