செப்டிக் டாங்கிக்குத் தனி அனுமதி வேண்டுமா?

ஹாலிஎலைப் பக்கமிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: “ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டுகிறோம். செப்டிக் டாங்கிக்குத் தனியாக அனுமதி எடுக்கணுமா? குளிக்கிற தண்ணி, குசினித் தண்ணியை கானில் விட்டால் போதுமா?”

தனி அனுமதி இல்லை, தங்கச்சி. பிரதேச சபைக்குக் கொடுக்கும் வீட்டுப் பிளானிலேயே டாங்கியும், அதிலிருந்து வரும் தண்ணீர் மண்ணில் ஊறிப் போகும் ஊறுகுழியும் இருக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து இடத்தைப் பார்ப்பார். செப்டிக் டாங்கிக்கான இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 745இன்படி வரையச் சொல்லுங்கள். உங்கள் பதுளை மாவட்டம் மண்சரிவு அபாயமுள்ளது. அதனால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் தேவை. அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். பிளானுக்குக் காசு கொடுத்தபிறகு “இந்த இடம் ஆகாது” என்றால் யார் தாங்குவது?

எனக்குக் கவலை டாங்கியைப் பற்றியல்ல, ஊறுகுழியைப் பற்றி. டாங்கியில் அடையல்தான் தங்கும். கிருமியுள்ள தண்ணீர் ஊறுகுழி வழியாக மண்ணுக்குள் போகும். கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பது அடியாவது வேண்டும் என்பார்கள். ஏழு பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி, நாற்பதுக்கு நாற்பத்தெட்டு அடி மாதிரி. அந்த ஐம்பது அடி உங்கள் வேலியைத் தாண்டிவிடும். ஆகவே பக்கத்து வீட்டுக் கிணற்றையும் அளக்க வேண்டும். மலையில் தண்ணீர் சரிவோடு இறங்கும். கீழே லயத்துக்காரர்கள் குடிக்கும் பீலி இருந்தால் ஐம்பது அடி எந்த மூலைக்கு? குழி வெட்டுமுன் கீழே நடந்துபோய், ஊற்று எங்கே கசிகிறது என்று பார்த்து வாருங்கள்.

வீட்டுக்காக வெட்டிய மண்மதிலுக்கு மேலேயும், கொட்டி நிரப்பிய மண்ணிலும் குழி வேண்டவே வேண்டாம். ஈரம் ஏறிய மண் கனத்துப் பிடிப்பை இழக்கும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மழைத் தண்ணீர் குடித்த மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் கண்டோம். நாமும் நாள்தோறும் சரிவுக்குத் தண்ணீர் ஊட்டக் கூடாது.

குசினித் தண்ணீரைக் கானில் விடாதீர்கள். முதலில் சின்னத் தொட்டியில் எண்ணெய்ப் பசையைத் தேக்கி, பிறகு வேறொரு ஊறுகுழிக்கு விடுங்கள். அதையும் பிளானில் காட்டுங்கள். துணி துவைக்கும் தண்ணீர் மொத்தமாக டாங்கிக்குள் பாய்ந்தால் அடையல் கலங்கி வெளியேறும். கூரைத் தண்ணீரை எந்தக் குழிக்கும் விடக் கூடாது.

டாங்கியையும் குழியையும் மூடுவதற்கு முன் பி.எச்.ஐ.யைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வீடு முடிந்ததும், பிளான்படி கட்டியதாகச் சபை கொடுக்கும் இசைவுச் சான்றிதழை எடுக்கும்போது அது உதவும். டாங்கி மூடியைப் பாதைப் பக்கமாக வையுங்கள்; டாங்கியை உறிஞ்சி எடுக்க வரும் கல்லி பவுசர் படிக்கட்டு ஏறி வராது.