இரண்டு பேர் வாயடைத்து நிற்கும் பாட்டு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

'ஜிப்ஸி' இசைநாடகத்தின் பாடல்களைச் சில வாரங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 'எவ்ரிதிங்ஸ் கமிங் அப் ரோஸஸ்' பாட்டைப் போட்டுக்கொண்டுதான் காலையில் சமையலறைக்குள் நுழைகிறேன். அவ்வளவு உற்சாகம்! அந்த நாடகத்திலேயே பயங்கரமான பாட்டு அதுதான் என்று நீங்கள் ஒரு கூட்டத்தில் சொன்னதாகத் தோழி சொன்னாள். ஏன்? நாடகத்தை நான் பார்த்ததில்லை.

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

ஆமாம், சொன்னேன். ஆனாலும் உங்கள் காதில் விழுவது தப்பில்லை. இந்த நாடகத்தின் முதல் நாயகி எத்தல் மெர்மனின் வெண்கலக் குரலில் 'இனி எல்லாம் நல்லபடியாக நடக்கும்' என்று கேட்டால் யாரும் நம்பிவிடுவார்கள்.

அந்தப் பாட்டு வரும் இடத்தைச் சொல்கிறேன். முதல் பாதியின் முடிவு, ஒரு ரயில் நிலையம். இளைய மகள் ஜூனை நட்சத்திரமாக்கியே தீருவது என்று ஊர் ஊராக இழுத்துக்கொண்டு அலைந்த அம்மா ரோஸுக்குக் கடிதம் வருகிறது. குழுவில் ஆடிய பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டு ஜூன் போய்விட்டாள். மானேஜர் ஹெர்பி, சரி, அலைந்தது போதும், கல்யாணம் செய்துகொண்டு ஒரு வீட்டில் குடியிருப்போம் என்கிறார். மூத்தவள் லூயிஸுக்கும் அதே ஆசை. ரோஸ் திரும்பி லூயிஸைப் பார்க்கிறாள். இத்தனை வருடம் ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்த பிள்ளை. 'உன்னை நட்சத்திரமாக்குகிறேன்' என்று பாட்டு கிளம்புகிறது. அவள் பாடப் பாட, மற்ற இருவரும் வாயடைத்து நிற்கிறார்கள். அவர்கள் முகம் ஒலித்தட்டில் தெரியாது. உங்கள் சமையலறைக்கு வந்து சேர்வது ரோஸ் மட்டும்தான்.

1959இல் பிராட்வேயில் அரங்கேறிய நாடகம் இது. பர்லெஸ்க் மேடையில் ஆடைகளைந்து ஆடிப் புகழ்பெற்ற ஜிப்ஸி ரோஸ் லீயின் நினைவுக்குறிப்புகளிலிருந்து பிறந்தது. நாடகத்தில் வரும் லூயிஸ் அவர்தான். இசை ஜூல் ஸ்டைன், வரிகள் ஸ்டீபன் சோண்ட்ஹைம். இசையையும் தானே அமைக்க சோண்ட்ஹைம் ஆசைப்பட்டார். பெயர்பெற்ற இசையமைப்பாளர்தான் வேண்டும் என்று மெர்மன் தரப்பு மறுத்துவிட்டது. நாடகம் அரங்கேறியபோது சோண்ட்ஹைமுக்கு வயது 29.

என்னை அதிகம் வதைப்பது 'லெட் மீ என்டர்டெயின் யூ'. தொடக்கத்தில் இரண்டு சிறுமிகள் அதைக் கீச்சுக்குரலில் பாடுகிறார்கள். பார்வையாளர் பக்கத்திலிருந்து 'குரலை விட்டுப் பாடு, லூயிஸ்!' என்று அதட்டிக்கொண்டே ரோஸ் மேடையேறுகிறாள். பல வருடம் கழித்து, பர்லெஸ்க் அரங்கு ஒன்றில் ஆள் குறைகிறது. அந்த இடத்துக்கு மகளைத் தள்ளிவிடுவதும் ரோஸ்தான். லூயிஸ் நடுக்கத்துடன் அதே மெட்டைப் பாடி ஒரு கையுறையை மட்டும் கழற்றுகிறாள். உங்களை மகிழ்விக்கட்டுமா என்ற குழந்தைப்பாட்டுக்கு அங்கே வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. அதற்குச் சற்று முன்பு வரும் 'யூ காட்டா கெட் எ கிம்மிக்', ஆளுக்கொரு தனி வித்தை வேண்டும் என்று பர்லெஸ்க் ஆட்டக்காரிகள் பாடும் நல்ல சிரிப்புப் பாட்டு. ஒருத்தி ட்ரம்பெட் ஊதுகிறாள், ஒருத்தி உடம்பெல்லாம் பல்பு எரிய வருகிறாள்.

அப்புறம் கடைசியில் 'ரோஸஸ் டர்ன்'. இந்த இடத்தில் ஒரு நடனம் வைக்கத்தான் இயக்குநர் ஜெரோம் ராபின்ஸ் நினைத்திருந்தார். நேரம் போதவில்லை. ஒரு மாலை, சோண்ட்ஹைம் பியானோவில் உட்கார, ராபின்ஸ் ரோஸாகவே நடமாட, முன்பு வந்த பாட்டுகளின் துண்டுகளை ஒட்டவைத்து இதை உருவாக்கினார்கள். யாருமில்லாத மேடையில் ரோஸ் தனக்காகவே பாடுகிறாள். நடுவில் 'மம்மா' என்ற சொல் வாயில் சிக்கிக்கொள்கிறது. திக்குகிறாள். மெர்மனுக்குக் கைதட்டல் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மக்கள் அடுத்த காட்சியைக் கவனிக்கமாட்டார்கள் என்று சோண்ட்ஹைமின் குருவான பாடலாசிரியர் ஆஸ்கர் ஹாமர்ஸ்டீன் சொன்னதால் முடிவை ஓங்கி அடித்தார்கள். 1970களில் ஆஞ்சலா லான்ஸ்பரி ரோஸாக நடித்தபோது அந்தக் கைதட்டலையே நாடகத்துக்குள் இழுத்துக்கொண்டார்கள். பார்வையாளர் தட்டி ஓய்ந்த பிறகும் ரோஸ் குனிந்து வணங்கிக்கொண்டே இருக்கிறாள். அவளுக்குக் கேட்கும் கைதட்டல் அவள் தலைக்குள் இருப்பது என்று அப்போதுதான் நமக்கு உறைக்கிறது.

1959 ஒலித்தட்டில் சிறுமிகள் பாடுவதையும் லூயிஸ் பாடுவதையும் அடுத்தடுத்து கேளுங்கள். பிறகு 2008இல் பட்டி லுபோன் பாடிய 'ரோஸஸ் டர்ன்'. அதற்கு மறுநாள் காலை உங்கள் வழக்கமான பாட்டைப் போட்டுப் பார்த்து, எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.