கிறிஸ்துமஸும் வீட்டுச் சமாதானமும்: ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். யாரிடமும் மனம்விட்டுச் சொல்ல முடியாத ஒன்றை உங்களிடம் கேட்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

என் அண்ணனும் என் கணவரும் பேசிக்கொள்வதில்லை. அப்பா காலமான பிறகு வந்த சொத்துப் பிரச்சினையில் ஆரம்பித்தது. அம்மா எங்களோடு இருக்கிறார். அவரைப் பார்க்க கிறிஸ்துமஸ் அன்று அண்ணன் வருவார். வாசலிலேயே நின்று, பரிசுப் பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அவர் வரும் நேரம் தெரிந்ததும் கணவர் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அந்தக் கதவுக்கும் வாசலுக்கும் நடுவில் நான்.

டிசம்பர் பிறந்தாலே வயிற்றைப் பிசைகிறது. யாருக்கும் எரிச்சல் வந்துவிடக் கூடாதே என்று எல்லா வேலையையும் நானே முன்கூட்டிச் செய்துவிடுவேன். ஆராதனையில் போய் உட்காரும்போது ஓய்ந்துபோயிருப்பேன். "பூமியிலே சமாதானமும்" என்று வாசிக்கும்போது அழுகைதான் வருகிறது. போன வருஷம் என் எட்டு வயது மகள், "மாமா ஏன் உள்ளே வர்றதில்லை?" என்று கேட்டாள். "மாமாவுக்கு வேலை இருக்கு" என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஜெபித்தும் வீட்டில் சமாதானம் இல்லை. என் விசுவாசம் குறைவா? இந்த வருஷம் நான் என்ன செய்ய வேண்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் விசுவாசத்தில் குறை ஒன்றும் இல்லை. அந்த வசனத்தைக் கேட்டு அழுகை வருகிறது என்றால், அதில் சொல்லப்பட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

சமாதானம் என்றால் சத்தமில்லாத வீடு, எல்லோரும் சிரித்த முகத்தோடு ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் வீடு என்று நம் மனதில் ஒரு படம் பதிந்துபோயிருக்கிறது. வாழ்த்து அட்டைகளும் விளம்பரங்களும் அந்தப் படத்தைத்தான் வருஷா வருஷம் காட்டுகின்றன. சுவிசேஷத்தில் அப்படி ஒரு வீடே கிடையாது. மரியாளை இரகசியமாய்த் தள்ளிவிட யோசித்துக்கொண்டிருந்த யோசேப்பிலிருந்துதான் மத்தேயு கதையைத் தொடங்குகிறார். லூக்காவில், குடிமதிப்பு எழுத வேண்டும் என்ற ரோமப் பேரரசன் அகுஸ்துராயனின் கட்டளைக்காக ஒரு நிறைகர்ப்பிணி பெத்லகேமுக்குப் பயணம் போகிறாள். சத்திரத்தில் இடமில்லை. அப்புறம் குழந்தையைக் கொல்லத் தேடிய ராஜா ஏரோது, இரவோடிரவாக எகிப்துக்கு ஓட்டம். இவ்வளவுக்கும் நடுவில்தான் வயல்வெளியில் மந்தையைக் காத்துக்கொண்டிருந்த மேய்ப்பர்கள் "பூமியிலே சமாதானமும்" என்ற வார்த்தையைக் கேட்டார்கள். அன்றைக்குப் பூமியில் எதுவும் சரியாகியிருக்கவில்லை.

திருச்சபையின் நாட்காட்டியைப் பார்த்தாலும் இது தெரியும். மேற்கத்திய மரபில் டிசம்பர் 25க்கு அடுத்த நாளே கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் திருநாள். 28ஆம் தேதி, ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகளின் நினைவுநாள். துக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பண்டிகை கொண்டாடவேண்டும் என்று நம் முன்னோர்கள் நினைக்கவில்லை. பண்டிகைக்குப் பக்கத்திலேயே அதற்கும் இடம் போட்டார்கள். நீங்கள் அழுதுகொண்டே ஆராதனையில் உட்கார்ந்திருப்பது அந்த நாளுக்குப் பொருந்தாத காரியம் இல்லை.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்வது உங்களுக்குக் கொஞ்சம் வலிக்கலாம். இத்தனை வருஷமாக நீங்கள் உங்கள் உடம்பைக் கொடுத்துக் காப்பாற்றிவருவது சண்டை வெளியே தெரியாமல் இருப்பதை. அது சமாதானம் இல்லை. எரேமியா தன் காலத்துத் தீர்க்கதரிசிகளையும் ஆசாரியர்களையும் பார்த்து, சமாதானம் இல்லாதபோதே "சமாதானம் சமாதானம்" என்று சொல்லி ஜனங்களின் காயத்தை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்கள் என்று குற்றம் சாட்டினார். அவர்கள் அதைச் சுயலாபத்துக்காகச் செய்தார்கள். நீங்கள் அன்பினால் செய்கிறீர்கள். வித்தியாசம் பெரிது, எனக்குத் தெரியும். ஆனால் காயம் இரண்டு இடத்திலும் ஆறாமல்தான் கிடக்கிறது. அதன் பாரம் முழுக்க உங்கள் ஒருவர் தலையில்.

கர்த்தர் உங்களிடம் இதைக் கேட்கவில்லை. பவுல் ரோமருக்கு எழுதும்போது எவ்வளவு கவனமாக எழுதுகிறார் பாருங்கள்: "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்." கூடுமானால், உங்களாலானமட்டும். ஒரே வாக்கியத்தில் இரண்டு எல்லைக்கோடு. இதை எழுதியவர் தன் ஊழியத் தோழர் பர்னபாவோடு கடுமையாக வாக்குவாதம் செய்து பிரிந்து போனவர். எதிர்த்தரப்பில் இருப்பவரின் மனதை நம்மால் திருப்ப முடியாது என்பதை அனுபவத்தில் அறிந்தவர். இரண்டு வளர்ந்த ஆண்களின் மனஸ்தாபத்துக்கு நீங்கள் பொறுப்பாளி இல்லை. உங்களாலானது எதுவோ அதற்கு மட்டும்தான் பொறுப்பு.

உங்களாலானது எது? பிலிப்பி சபைக்குப் பவுல் எழுதிய கடிதத்தில், பிலிப்பியர் நாலாம் அதிகாரத்தை எடுங்கள். "எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம்" என்ற ஏழாம் வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். சுவரில் மாட்டிவைக்கிறோம். அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தை யாரும் மாட்டிவைப்பதில்லை. அந்தச் சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள். சுவிசேஷத்துக்காகப் பவுலோடு சேர்ந்து பாடுபட்டவர்கள். அவர்களுக்குள் ஏதோ மனவருத்தம். சிறையிலிருந்து எழுதும் பவுல் அதை மூடி மறைக்கவில்லை, பெயரைச் சொல்லியே எழுதுகிறார். எயோதியாளுக்கும் புத்திசொல்லுகிறேன், சிந்திகேயாளுக்கும் புத்திசொல்லுகிறேன் என்று இருவருக்கும் தனித்தனியாக, ஒருவர் பக்கமும் சாயாமல். அடுத்த வசனத்திலேயே மூன்றாவது ஒருவரைக் கூப்பிட்டு, இந்தப் பெண்களுக்கு உதவியாயிரு என்கிறார். தேவசமாதானத்தைப் பற்றிய அந்த வார்த்தைகள் இதற்குப் பிறகுதான் வருகின்றன. முதலில் பிரச்சினைக்குப் பெயர் சொன்னார், பிறகு ஆள் ஏற்பாடு செய்தார், பிறகு ஜெபிக்கச் சொன்னார். நாம் பெரும்பாலும் முதல் இரண்டையும் தாண்டிக் குதித்து நேரே ஜெபத்துக்கு வந்துவிடுகிறோம், இன்னும் சமாதானம் வரவில்லையே என்று தவிக்கிறோம்.

ஆகவே, முதலில் உங்கள் கணவரிடம் பேசுங்கள். பண்டிகையன்றோ அதற்கு முந்தின நாளோ வேண்டாம். வேலை நெருக்காத ஒரு சாயங்காலம் பாருங்கள். அண்ணனுக்காக வாதாட வேண்டாம். சொத்துக்கணக்கைத் திறக்கவே வேண்டாம். "நீங்க கதவைச் சாத்தும்போது நான் வாசல்ல தனியா நிக்கிறேன், என்னால இது முடியல" என்று உங்கள் கதையை மட்டும் சொல்லுங்கள். அவருக்கு இது தெரியும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். பல வீடுகளில் தெரிவதில்லை, ஏனென்றால் நாம் அவ்வளவு நன்றாகச் சமாளித்துவிடுகிறோம். ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வசனத்தை அவர் முன்னால் நீட்டாதீர்கள். வேதவசனத்தை ஒரு மனுஷன் தானாகக் கேட்டால் மனம் இளகும், மனைவி வாயால் குற்றச்சாட்டாகக் கேட்டால் இறுகிவிடும்.

அடுத்து, அந்த மூன்றாவது ஆள். அது நீங்கள் இல்லை. நீங்கள் ஒருவருக்குத் தங்கை, ஒருவருக்கு மனைவி. நடுநிலையான மத்தியஸ்தம் உங்களுக்குச் சாத்தியமே இல்லை. இருவரும் மதிக்கிற ஒரு பெரியவரோ உங்கள் போதகரோ இருந்தால் அவரிடம் விஷயத்தை ஒப்படையுங்கள். அதன் பிறகு ஒருவர் சொன்னதை இன்னொருவருக்கு எடுத்துச் செல்லும் வேலையை அடியோடு விட்டுவிடுங்கள். "நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க" என்று அன்பாகச் சொன்னால் போதும்.

வேலைகளையும் குறையுங்கள். இயேசுவை வீட்டில் வரவேற்றுப் பற்பல வேலைகளில் வருத்தமடைந்த மார்த்தாளைக் கர்த்தர் கடிந்துகொண்டார் என்றுதான் பிரசங்கங்களில் கேட்கிறோம். எனக்கு என்னவோ அந்த இடத்தில், "மார்த்தாளே, மார்த்தாளே" என்று இரண்டு தரம் பேர் சொல்லிக் கூப்பிடும் அந்தக் குரலில், பரிவுதான் அதிகம் கேட்கிறது.

மகள் விஷயம். குழந்தைகளுக்கு நாம் சொல்லும் சமாளிப்பு புரிந்துவிடும். "அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒரு மனவருத்தம். அது உன்னால வந்தது இல்ல. நாங்க ஜெபம் பண்றோம், நீயும் பண்ணு" என்று உண்மையைச் சொல்லலாம். எட்டு வயதுக்கு அது பாரம் இல்லை. ஏன் என்று தெரியாமல் இருப்பதுதான் பாரம்.

இதைப் பொதுவில் எழுதுவதால் வேறு சிலருக்காகவும் ஒரு வார்த்தை. வீட்டில் அடியோ மிரட்டலோ இருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே பொறுத்துப்போவதைக் கிறிஸ்தவச் சமாதானம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள்.

"சமாதானத்தை உங்களுக்கு வைத்துப்போகிறேன்" என்று இயேசு சொன்னது எந்த இரவில் என்று யோசித்திருக்கிறீர்களா? யூதாஸ் அப்போதுதான் எழுந்து வெளியே போயிருந்தான். பேதுரு மறுதலிப்பான் என்று அதே மேசையில் சொல்லியாயிற்று. உடைந்துகொண்டிருந்த ஒரு கூட்டத்துக்குத்தான் அவர் அதைக் கொடுத்தார், அவர்கள் ஒழுங்காகும்வரை காத்திருக்கவில்லை. உங்கள் கணவரும் அண்ணனும் கைகுலுக்கும் நாள்வரை நீங்களும் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த வருஷம் அண்ணனை உள்ளே கூப்பிடலாமா என்ற எண்ணமும் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். கணவரிடம் பேசியபின், அவர் சம்மதித்தால் கூப்பிடுங்கள். சம்மதிக்காவிட்டால், அம்மாவை அழைத்துக்கொண்டு நீங்களும் மகளும் அண்ணன் வீட்டுக்குப் போய்வாருங்கள், கணவரிடம் சொல்லிவிட்டே. 25ஆம் தேதியே நடக்கவேண்டும் என்றும் இல்லை. பழைய மரபுப்படி கிறிஸ்து பிறப்பின் காலம் அன்றைக்குத்தான் தொடங்குகிறது, ஜனவரி 6ஆம் தேதி பிரசன்னத் திருநாள்வரை நீள்கிறது. அதற்குள் ஏதாவது ஒரு நாள் பார்த்து, முதலில் அண்ணனுக்கு ஒரு போன் போடுங்கள்.