அம்மாவின் காய்ச்சலுக்கு ஆன்லைன் டாக்டர் போதுமா?

வணக்கம். திருநெல்வேலியில் தனியாக இருக்கும் உங்கள் அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை நோய் உண்டு, நேற்று மாலையிலிருந்து 102 டிகிரி காய்ச்சல், அடித்துப் போட்டது போல உடம்பு வலி, வறட்டு இருமல் என்று எழுதியிருந்தீர்கள். நாளை வரை பொறுக்க வேண்டாம், இன்றே டாக்டரிடம் பேசுங்கள்.

காரணம் நேரம்தான். இது இன்ஃப்ளூயன்சாவாக (ஃப்ளூ காய்ச்சலாக) இருந்தால், அந்த வைரஸ் ஒரு செல்லிலிருந்து விடுபட்டு அடுத்த செல்லுக்குப் போவதை ஓசெல்டாமிவிர் என்ற மருந்து தடுக்கும். அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். அம்மாவைப் போன்றவர்களுக்குப் பரிசோதனை முடிவு வரும் முன்பே டாக்டர்கள் தொடங்குவதும் உண்டு. வீட்டில் மிச்சமிருக்கும் அசித்ரோமைசினைத் தரலாமா என்று கேட்டீர்களே, தயவுசெய்து வேண்டாம். அது பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது.

மத்திய அரசின் இ-சஞ்சீவனி செயலியில் வீடியோ மூலம் இலவசமாக டாக்டரைப் பார்க்கலாம், மருந்துச் சீட்டும் அதிலேயே வரும். ஓசெல்டாமிவிர் வாங்கச் சீட்டு கட்டாயம். அம்மாவும் அழைப்பில் இருக்கட்டும். அப்புறம், சிறுநீரகக் கோளாறு ஏதாவது இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். ஓசெல்டாமிவிர் பெரியவர்களுக்கு வழக்கமாக 75 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, 5 நாள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவைக் குறைப்பார்கள்.

மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ பேச்சில் குழப்பமோ தெரிந்தால் வீடியோவுக்குக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் யாரிடமாவது இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.