ஆடியில் துபாய்க்குப் புறப்படுகிற தம்பிக்கு

தம்பி, நேற்று சாயங்காலம் குறுக்குத்துறைப் படியில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டாய்: "அண்ணாச்சி, பாளையங்கோட்டை வெயிலில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன் நான். துபாய் வெயில் என்னை என்ன செய்துவிடும்?" பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். நீ கட்டட சைட்டில் சூப்பர்வைசராகப் போகிறாய், அதுவும் ஆடி மாதத்தில். அதனால் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

நம்ம ஊர் சித்திரை வெயில் சுள்ளென்று அடிக்கும். ஆனால் ஒரு வேப்பமரத்தடியில் நின்றால் வேர்வை காய்ந்துவிடும். அது காயும்போதுதான் உடம்புச் சூடு இறங்குகிறது. துபாயில் ஜூலை, ஆகஸ்டில் பகல் சூடு 40 டிகிரிக்கு மேல் போகும். அதையாவது தாங்கிவிடலாம். ஆழமில்லாத வளைகுடாக் கடல் அந்த மாதங்களில் 30 டிகிரியைத் தாண்டிச் சுட்டுக் கிடக்கும். அதிலிருந்து எழும் ஈரம் ராத்திரியானால் ஊரையே மூடிவிடும். வேர்வை வடியும், காயாது. நிழலில் நின்றும் பிரயோஜனமில்லை. நான் முதன்முதலில் போய் இறங்கியது ஓர் ஆகஸ்ட் ராத்திரி. ஏர்போர்ட் கதவைத் தாண்டியதும் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து மூடிக்கொண்டது. பக்கத்தில் நின்ற பஸ்ஸின் இன்ஜின் சூடு என்று நினைத்து நாலடி தள்ளிப் போய் நின்றேன். அங்கேயும் அதே அவிச்சல்.

முதல் இரண்டு வாரம்தான் ரொம்பக் கவனம். உடம்பு பழகுவதற்கு அவ்வளவு நாள் எடுக்கும். நான் மூன்றாம் நாளே வீறாப்பாக முழு வேலை பார்த்தேன். வெறும் தண்ணீரும் டீயும் மட்டும் குடித்தேன். மத்தியானத்துக்குள் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது, தலை சுற்றியது. கூட வேலை பார்த்த மலையாளி அண்ணன்தான் நிழலுக்கு இழுத்துப் போய், லபனில் உப்புப் போட்டுக் குடிக்க வைத்தார். லபன் என்பது அங்கே கடைகளில் பாட்டிலில் கிடைக்கும் மோர். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காதே. கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இரு. பையில் ஓஆர்எஸ் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். இது உனக்கு மட்டும் இல்லை. உனக்குக் கீழே வேலை செய்கிறவர்களை அந்த நேரத்தில் நீ வெளியே அனுப்பக் கூடாது, வேலை எவ்வளவு பிந்தினாலும் சரி. யாராவது சம்பந்தமில்லாமல் பேசினாலோ தடுமாறினாலோ, களைப்பு என்று விட்டுவிடாதே. உடனே 998க்கு அடித்து ஆம்புலன்ஸைக் கூப்பிடு. அது வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்புறம் குளியல். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் கொதித்துக் கிடப்பதால் குழாயைத் திறந்தால் கை சுடும். கோடை முழுக்க வாட்டர் ஹீட்டரை அணைத்துப் போட்டுவிடு. வீட்டுக்குள் இருக்கிற ஹீட்டர் டாங்கில் தேங்கும் தண்ணீர் ஆறியிருக்கும். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து அதில் குளி.

குற்றாலச் சாரலை நினைத்து ஏங்குவாய். நானும் ஏங்கினேன். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் விடியுமுன் எழுந்து தென்கிழக்கே அடிவானத்தைப் பார். ஒரு வெள்ளை நட்சத்திரம் தெரியும். அரபிகள் அதைச் சுஹைல் என்பார்கள். அது தெரிந்தால் சூடு இறங்கத் தொடங்கும் என்பது அவர்கள் கணக்கு. நாம் அகத்திய நட்சத்திரம் என்கிறோமே, அதேதான். நம்ம பொதிகை முனிவர் அங்கேயும் வந்து நிற்கிறார் என்று தெரிந்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறமும் செப்டம்பர் முழுக்கப் புழுக்கம் இருக்கும். அக்டோபர் பிற்பாதியில் ராத்திரி ஜன்னலைத் திறந்து வைக்கலாம். அதற்குள் நானும் லீவு முடிந்து வந்திருப்பேன். சுஹைலைப் பார்த்த அன்றைக்கு எனக்குப் போன் போடு, விடியக்காலை என்றாலும் பரவாயில்லை.