தேவ சித்தம் எனக்கு எப்படி தெரியும்? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அக்கா, படிப்பு முடிச்சிட்டேன், ரெண்டு வேலை வந்திருக்கு, ஒண்ணு டீச்சர் வேலை, இன்னொண்ணு ஆபீஸ்ல அக்கவுன்ட்ஸ். கர்த்தர் என்னை எதுக்காக உண்டாக்கினாருன்னு தெரியாம ரெண்டுலயும் கை வைக்க பயமா இருக்கு. 'உங்களுக்கு நல்ல எதிர்காலம் தர நினைச்சிருக்கேன்'னு கர்த்தர் சொல்ற எரேமியா 29:11 தான் நான் பிடிச்சிக்கிட்டு இருக்குற வசனம், ஆனா அவர் நினைச்சிருக்கிறத எனக்கு சொல்ல மாட்டேங்கிறாரே. கண்ணை மூடி பைபிள திறந்து பாக்குறேன், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி வருது.

பதில்: தம்பி, முதல்ல கண்ணைத் திறந்துட்டு அதே 29-ம் அதிகாரத்தை ஆரம்பத்துல இருந்து படிங்க. அது பாபிலோனுக்கு சிறையா கொண்டுபோன ஜனங்களுக்கு எரேமியா எழுதின லெட்டர். சீக்கிரமே வீட்டுக்குப் போயிடலாம்னு சிலர் தீர்க்கதரிசனம் சொல்லிட்டு இருந்தாங்க, கர்த்தர் அத நம்பாதீங்கன்னு சொல்லிட்டு 70 வருஷம் ஆகும்ங்கிறார், அதாவது அந்த லெட்டர கேட்ட பெரியவங்க நிறைய பேர் திரும்பிப் போறத பாத்திருக்கவே மாட்டாங்க. அவங்களுக்குத்தான் 11-ம் வசனம். அதுக்கு முன்னாடி 5-ல இருந்து 7 வரைக்கும் என்ன சொல்றார் பாருங்க, வீடு கட்டுங்க, தோட்டம் போட்டு அதோட பலன சாப்பிடுங்க, கல்யாணம் பண்ணுங்க, இருக்குற பட்டணத்தோட சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்க. எதிர்காலம் அவர் கையில, இன்னைக்கு வேலை அவங்க கையில, அவ்வளவு தெளிவா பிரிச்சு வச்சிருக்கார். நீங்க 11-ஐ பிடிச்சிக்கிட்டு 5-ஐ விட்டுட்டீங்க.

'தேவனுடைய சித்தம்'னு வேதத்துல நேரடியாவே எழுதியிருக்குற இடங்களும் இருக்கு. 1 தெசலோனிக்கேயர் 4:3, பரிசுத்தமா இருக்கணும். 5:18, எல்லாத்துலயும் ஸ்தோத்திரம் பண்ணணும். மீகா 6:8-ல நியாயம், இரக்கம், மனத்தாழ்மை, இத விட்டா வேற என்ன கேக்குறார்னு தீர்க்கதரிசி கேக்குறார். இதுல எதுலயும் டீச்சரா அக்கவுன்டன்டாங்கிற பேச்சே இல்ல, ஏன்னா ரெண்டு வேலையிலயும் இத செய்யலாம். ரெண்டு வேலையிலயும் இத செய்யாமலும் இருக்கலாம், எனக்கு அந்த பயம்தான் பெருசு.

அப்போ தேர்ந்தெடுக்குறது யாருன்னு கேப்பீங்க. நீங்கதான். விதவை மறுபடி கல்யாணம் பண்றத பத்தி பவுல் 1 கொரிந்தியர் 7:39-ல எழுதுறப்போ, கர்த்தருக்குட்பட்டவனா, அதாவது விசுவாசியா, இருக்கணும்னு ஒரு எல்லை போட்டுட்டு, அதுக்குள்ள இஷ்டமானவனை கட்டிக்க அவளுக்கு விடுதலை இருக்குன்னு சொல்லிடுறார். கல்யாணத்துக்கே அவ்வளவு இடம் கொடுத்திருக்கும்போது வேலைக்கு இருக்காதா? யாக்கோபு 1:5-ல ஞானம் கேளுங்க தர்றேன்னு வாக்கு இருக்கு, அந்த ஞானம் முடிவு எடுக்குறதுக்குத்தானே.

தப்பா போயிட்டா என்ன பண்றதுன்னு பயப்படுறீங்க, அப்போஸ்தலர் 16 படிங்க. பவுலும் கூட இருந்தவங்களும் ஆசியாவுல (இன்னைக்கு சொல்ற கண்டம் இல்ல, அப்போ இருந்த ரோம மாகாணம்) வசனம் சொல்ல பாக்குறாங்க, பரிசுத்த ஆவி தடுக்கிறார், பித்தினியாவுக்கு போகப் பாக்குறாங்க அதுவும் நடக்கல, கடைசியில துரோவாவுக்கு வந்து சேர்றாங்க, அங்கதான் 'மக்கெதோனியாவுக்கு வந்து உதவி பண்ணுங்க'ன்னு ஒருத்தர் கூப்பிடுற தரிசனம் பவுலுக்கு வருது, அப்புறம் மக்கெதோனியாவுல இருக்குற பிலிப்பி பட்டணம், அங்க வசனத்தைக் கேட்டு விசுவாசிச்ச லீதியாள். பவுல் போகப் பாத்த ஊருக்காக கர்த்தர் அவரை கோவிச்சுக்கல, நடந்துட்டு இருந்தவர திருப்பி விட்டார். 10-ம் வசனத்துல 'நிச்சயித்துக்கொண்டு'ன்னு வருது, அதுவும் 'நாங்கள்'னு, அதாவது தரிசனம் ஒருத்தருக்கு, முடிவு எல்லாரும் சேந்து. உங்கள நல்லா தெரிஞ்ச, ஜெபிக்கிற ரெண்டு பேர்கிட்ட கேளுங்க, பிள்ளைங்களுக்கு சொல்லிக் கொடுக்குற பொறுமை எனக்கு இருக்கா, கணக்குல எனக்கு மனசு நிக்குமான்னு கேளுங்க, கேட்டுட்டு ஒண்ண எடுங்க.

கேள்வி: கிதியோன் மாதிரி அடையாளம் கேக்கலாமா?

பதில்: நியாயாதிபதிகள் 6-ல, இஸ்ரவேலை மீட்க கர்த்தர் கூப்பிட்ட கிதியோன், ராத்திரி ஆட்டுத்தோல் போட்டு அதுல பனி பெய்யுதான்னு அடையாளம் பாக்குறதுக்கு ரொம்ப முன்னாடியே, 14-ம் வசனத்துல, உனக்கு இருக்கிற பலத்தோட போன்னு கர்த்தர் சொல்லிட்டார். கிதியோனுக்கு பதில் தெரியும், நம்பத்தான் முடியல, கர்த்தர் அந்த பலவீனத்த பொறுத்துக்கிட்டு ரெண்டு தடவை அவன் கேட்ட மாதிரியே செஞ்சார். அது அவரோட இரக்கம், நம்ம எல்லாருக்கும் போட்ட விதி இல்ல. அதனால அடையாளம் கேக்குறதுக்கு முன்னாடி, வேதத்துல ஏற்கனவே தெளிவா சொல்லியிருக்குற எதையாவது செய்யாம வச்சிருக்கேனான்னு பாருங்க, மன்னிக்க வேண்டிய ஆள், திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன், அத முதல்ல முடிங்க.